பயணத்துக்கு எந்த ஸ்ட்ரோலர்? – வாசகர் கேள்வி பதில்

கைக்குழந்தையோடு ஊர்ப்பயணம் போவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து பலர் குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சக்கர வண்டியான ஸ்ட்ரோலரைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களின் ஐயங்கள் சிலவற்றுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். என் மகனுக்கு 14 மாதம் ஆகிறது. எடை பத்தரை கிலோ. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வரும் டிசம்பரில் நானும் மகனும் மட்டும் கடலூரிலிருந்து ரயிலில் சென்னை வந்து, அங்கிருந்து விமானம் ஏறி அவரிடம் செல்கிறோம். இரண்டு மாதம் தங்குவோம். மகனின் முதல் பிறந்தநாளுக்கு நாத்தனார் வாங்கிக் கொடுத்த பெரிய ஸ்ட்ரோலர் வீட்டில் இருக்கிறது. அதன் எடை 11 கிலோ. அதையே கொண்டு போகலாமா? அல்லது, விமானத்துக்குள்ளேயே எடுத்துச் செல்லலாம் என்று விளம்பரத்தில் சொல்கிற சிறிய ஸ்ட்ரோலர் ஒன்று வாங்க வேண்டுமா? வாங்குவதென்றால் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எந்த ஸ்ட்ரோலர் என்று முடிவு செய்வதற்கு முன்னால், மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலிலிருந்து சிங்கப்பூர் வீட்டு வாசல் வரை உள்ள வழியை மனத்துக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். ஆட்டோவில் ஏறும்போது அது மடங்கியிருக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் நடைமேடை வரை தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் ரயில் ஓரிரு நிமிடங்களே நிற்கிற இடத்தில், பெட்டியின் படியில் ஏறும்போது ஒரு கையில் குழந்தையும் மறு கையில் ஸ்ட்ரோலரும் இருக்கும். தாம்பரத்தில் இறங்கும்போதும், அங்கே கார் பிடிக்கும்போதும் அதே நிலைமைதான். விமான நிலையத்துக்குள் நுழைந்த பிறகுதான் அது முதன்முதலாகத் தன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. அங்கேயும் பாதுகாப்புச் சோதனைக்கு வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஸ்ட்ரோலரை மடக்கி எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள். பயண நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் நீங்கள் அதைத் தள்ளுகிற இடங்கள் குறைவு. மடக்கி, தூக்கி, மறுபடி விரிக்கிற இடங்களே அதிகம். அதனால்தான் ஸ்ட்ரோலர் வாங்குகிற ஒவ்வொருவரிடமும், தள்ளிப் பார்ப்பதற்கு முன் தூக்கிப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் மகன் பத்தரை கிலோ, பெரிய ஸ்ட்ரோலர் 11 கிலோ. இரண்டும் சேர்ந்து இருபத்தொன்றரை கிலோ. ஆறரை கிலோ எடையுள்ள சிறிய ஸ்ட்ரோலராக இருந்தால் மொத்தம் 17 கிலோ. தாளில் எழுதும்போது நாலரை கிலோ பெரிதாகத் தெரியாது. தோளில் பால்புட்டியும் மாற்றுத்துணியும் நிறைந்த பை தொங்க, தூங்கிப்போன குழந்தையின் தலை தோளில் சாய்ந்திருக்க, ஒற்றைக் கையால் ரயில் பெட்டிக்குள் ஏற்றும்போதுதான் அந்த நாலரை கிலோ என்ன என்பது தெரியும். நீங்கள் துணைக்கு ஆளில்லாமல் போகிறீர்கள் என்பதால், பெரியதை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆறு முதல் ஏழு கிலோவுக்குள் ஒன்றை வாங்குவதே நல்லது என்பது என் தீர்மானமான எண்ணம். நாத்தனார் வாங்கிக் கொடுத்தது வீணாகிவிடாது. அகலமான இருக்கையும் பெரிய சக்கரமும் உள்ள அந்த வகைதான் நம் தெருக்களுக்கு என்றும் ஏற்றது.

சிறிய ஸ்ட்ரோலர்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, குடையைப் போல நீளவாக்கில் மடங்குவது. விமானங்களின் சக்கர அமைப்பை வடிவமைத்து அனுபவம் பெற்ற ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1965-இல் அலுமினியக் குழாய்களை வைத்து உருவாக்கிய அமைப்பு அது. எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் மடக்கிய பிறகும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ரயிலில் கீழ்ப்படுக்கைக்கு அடியில் சுலபமாகப் படுத்துவிடும். விமானத்தில் இருக்கைக்கு மேலே கைப்பை வைக்கும் மேல்தட்டில் நுழையாது. மற்றொன்று, கைப்பிடியும் மடங்கி, இருக்கையும் மடங்கி, ஒரு சிறு பெட்டியைப் போல ஆகிவிடுவது. விளம்பரங்களில் கேபின் ஸ்ட்ரோலர், அதாவது விமானத்தில் பயணிகள் உட்காரும் பகுதிக்குள் கொண்டு போகக்கூடியது, என்று சொல்வது இதைத்தான். உங்களுக்கு இந்த இரண்டாவது வகையே பொருந்தும். ஆனால் கேபின் என்ற அந்தச் சொல்லை அப்படியே நம்பி வாங்கிவிடாதீர்கள்.

அதற்குக் காரணம் வெறும் கணக்குதான். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, கைப்பைக்கு வழிகாட்டியாகச் சொல்கிற அளவு 56, 45, 25 சென்டிமீட்டர். இந்த வகைக்கே முன்மாதிரி போல ஆகிவிட்ட யோயோ என்ற ஸ்ட்ரோலர் மடங்கிய நிலையில் 52, 44, 18 சென்டிமீட்டர். ஐயாட்டா அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் நம் நாட்டு விமான நிறுவனங்கள் கைப்பைக்கு வைத்திருக்கும் அளவு 55, 35, 25 சென்டிமீட்டர் என்பதை ஒட்டியே இருக்கிறது. எடையும் 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 44 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்று, 35 சென்டிமீட்டர் அகலத்துக்குள் எந்தப் பக்கம் திருப்பினாலும் அடங்காது. ஆகவே, நீங்கள் பயணச்சீட்டு வாங்கியிருக்கும் நிறுவனத்தின் அளவை முதலில் பார்த்து, அதைத் தாளில் குறித்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள். ஸ்ட்ரோலரின் அளவைச் சக்கரம், கைப்பிடி எல்லாவற்றையும் சேர்த்து நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள்; அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதில் சில சமயம் சக்கரத்தின் துருத்தல் சேர்ந்திருக்காது.

கேபினுக்குள் விடாவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை. கைக்குழந்தையோடு வருபவர்களின் ஸ்ட்ரோலரைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் தனிக்கட்டணம் இல்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. விமானத்தின் வாயில் வரை தள்ளிச் சென்று அங்கே டேக் கட்டிக் கொடுத்துவிடலாம். இறங்கியதும் அது வாயிலிலேயே திரும்பக் கிடைக்குமா, பெட்டிகள் வரும் பட்டையில் கிடைக்குமா என்பதைக் கொடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டையில்தான் வரும் என்றால், அந்த நீண்ட நடைக்குக் குழந்தையைச் சுமக்க ஏதாவது வேண்டியிருக்கும். மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்று பையில் இருந்தால் கை வலிக்காமல் இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பேத்தியோடு போன ஒரு பயணத்தில், உறையில்லாமல் வாயிலில் கொடுத்த ஸ்ட்ரோலர், முன்சக்கரத்தின் பூட்டு ஒடிந்து திரும்பி வந்தது. சக்கரம் தன்போக்கில் திரும்பிக்கொண்டே இருந்ததால், அந்தப் பயணம் முழுவதும் நான் அதைப் பின்சக்கரத்தில் சாய்த்துத் தள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தடித்த உறையில் போட்டு, இருக்கையின் மேல் கம்பியைத் துணியால் சுற்றிக் கொடுக்கிறேன். அடியில் உள்ள கூடையைக் காலி செய்துவிட்டுக் கொடுங்கள். அதில் விட்டது திரும்ப வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

கடையில் எப்படிச் சோதிப்பது? குழந்தையைக் கூட அழைத்துப் போங்கள். அவனை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் ஸ்ட்ரோலரை மடக்கிப் பாருங்கள். விற்பவர் மூன்று நொடியில் மடக்கிக் காட்டுவார். அவர் நாள் முழுவதும் அதையே செய்கிறவர். கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தித் திருப்பும்போது உங்கள் கட்டைவிரல் எட்டுகிறதா, மடங்கி முடிந்ததும் பூட்டு ‘டக்’ என்று தானாக விழுகிறதா, அல்லது குனிந்து கொக்கியை மாட்ட வேண்டியிருக்கிறதா, மடங்கியபின் கைவிட்டால் தன்னால் நிற்கிறதா, சாய்ந்து விழுகிறதா என்று கவனியுங்கள். பிறகு, அதைத் தோளில் மாட்டும் பட்டையோடு தூக்கிக்கொண்டு கடைக்குள் ஐம்பதடி நடந்து பாருங்கள். பட்டை கழுத்தை அறுத்தாலோ, சக்கரம் முழங்காலில் இடித்தாலோ, அந்த ஸ்ட்ரோலர் உங்களுடையது அன்று. இதைச் செய்து பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

தள்ளிப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடையின் வழவழப்பான தரையில் எல்லா ஸ்ட்ரோலரும் தண்ணீரில் மிதப்பது போலத்தான் ஓடும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில், மாலை 6 மணிக்கு மேல் வாகனங்களை நிறுத்திய பிறகு தள்ளிப் பார்த்தாலும் அப்படித்தான் ஓடும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கடைக்கு வெளியே, கால்வாய் மூடியும் வேகத்தடையும் உள்ள இடத்தில், குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிப் பாருங்கள். சிறிய ஸ்ட்ரோலர்களின் சக்கரம் உள்ளங்கை அளவே இருப்பதால், கால்வாய்க் கம்பி மூடியின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. நேரு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் கண்முன்னே அப்படி நடந்தது. முன்சக்கரம் இடுக்கில் இறங்கியதும் ஸ்ட்ரோலர் அப்படியே நின்று முன்பக்கம் கவிழப் பார்த்தது; குழந்தைக்குப் பெல்ட் போட்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை, வாயிலிருந்த பிஸ்கட் மட்டும் விழுந்தது. தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, காலிடை ஒன்று என்று ஐந்து முனைகளில் பிடிக்கும் பெல்ட் இல்லாத எதையும் தொடவே தொடாதீர்கள். கம்பி மூடி, நிலைப்படி, நடைபாதை விளிம்பு போன்ற இடங்களில் ஸ்ட்ரோலரைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துச் சென்றால், பெரும்பாலான இடுக்குகளைத் தாண்டிவிடலாம்.

சாய்மானம் உங்கள் மகனின் வயதுக்கு முழுவதும் படுக்கையாக இருக்க வேண்டிய தேவை இல்லை. பகல் தூக்கத்தில் தலை முன்னால் தொங்காத அளவு சாய்ந்தால் போதும். குழந்தையின் எடை வரம்பைக் கட்டாயம் பாருங்கள். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1888-இன் முதல் பகுதி 15 கிலோ வரை உள்ள குழந்தைகளுக்கானது, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. 15 கிலோ வரம்புள்ளதை வாங்கினால் உங்கள் மகனுக்கு இன்னும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரலாம். 22 கிலோ என்றால் பள்ளிக்குப் போகும் வயது வரை வரும். கைப்பிடியில் பை மாட்டும் பழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். எடை குறைந்த ஸ்ட்ரோலரில், குழந்தையைத் தூக்கிய நொடியில் கைப்பிடியில் தொங்கும் பையின் பாரம் அதைப் பின்னால் சாய்த்துவிடும். குழந்தை உட்கார்ந்திருக்கும்போது மேட்டில் ஏறினால், குழந்தையோடு சேர்ந்தே சாயும்.

சிங்கப்பூரைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை. அங்கே எம்ஆர்டி ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. பொதுப் பேருந்துகளிலும் ஸ்ட்ரோலரை மடக்காமலே ஏற்ற அனுமதிக்கிறார்கள். சிறிய சக்கரத்துக்கு ஏற்ற நடைபாதைகள் எங்கும் இருக்கின்றன. ஆனால் டிசம்பர் அங்கேயும் வடகிழக்குப் பருவமழைக் காலம். பக்கவாட்டில் காற்றுத் துளைகள் உள்ள மழை உறையைச் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். மழை நின்றதும் அதை உடனே எடுத்துவிட வேண்டும். வெயில் அடிக்கும்போது பிளாஸ்டிக் உறைக்குள் குழந்தை இருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் மகளுக்கு நாலு மாதம். அடுத்த மாதம் புதுச்சேரியிலிருந்தே பெங்களூருவுக்குச் சிறிய விமானத்தில் போகிறோம். கேபின் ஸ்ட்ரோலரை இப்போதே வாங்கிவிட்டால் பின்னாலும் உதவுமே என்று என் மனைவி சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: இப்போது வேண்டாம். கழுத்து நன்றாக நின்று, பிடிமானம் இல்லாமல் உட்காரும் வரைக்கும், அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரைக்கும், குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் வைத்துத் தள்ளக் கூடாது. பெரும்பாலான கேபின் ஸ்ட்ரோலர்களின் கையேட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் என்றே எழுதியிருக்கும். குழந்தை அதில் தூங்கும்போது தலை முன்னால் சரிந்து, தாடை மார்பில் அழுந்தினால், அந்தச் சிறிய மூச்சுக்குழாய் மடங்கி மூச்சு தடைப்படக் கூடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் குழந்தை நிம்மதியாகத் தூங்குவது போலவே தெரியும் என்பதுதான் இதில் அஞ்ச வேண்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும், ஸ்ட்ரோலர், கார் இருக்கை போன்ற உட்காரும் சாதனங்களை வழக்கமான தூக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று, அதிலும் நாலு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் குறிப்பாக, எச்சரிக்கிறது. முழுவதும் தட்டையாகப் படுக்கும் இருக்கையுள்ள சிறிய ஸ்ட்ரோலர்கள் சில இருக்கின்றன. ஆனால் எடையும் விலையும் கூடுதல்.

இந்தப் பயணத்துக்கு உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல கேரியர்தான். குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, தொடைகள் முழுவதும் துணியில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் ஏறப்போகும் சிறிய விமானத்தில் படிக்கட்டு வழியாகத்தான் ஏற வேண்டும். மேல்தட்டும் பெரிய விமானங்களைவிடச் சிறியது. அங்கே ஸ்ட்ரோலரைவிடக் கேரியர் உங்களுக்குப் பல மடங்கு உதவும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாகவோ, மூச்சுத் தொல்லை உள்ள குழந்தையாகவோ இருந்தால், கேரியரிலும் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்ட பிறகு புறப்படுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் தூக்கியே வளர்த்தோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் என் மகள், பேரனை எங்கும் ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டே போகிறாள். பாடலீஸ்வரர் கோவிலுக்கும் திருவந்திபுரத்துக்கும் அதோடுதான் வருவேன் என்கிறாள். இது தேவைதானா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ஐயா, உங்கள் வீட்டில் அன்று குழந்தையைத் தூக்க எத்தனை கைகள் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். பாட்டி, அத்தை, சித்தி, அக்காள் என்று கை மாறிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் அது சுமையாகத் தெரியவில்லை. உங்கள் மகள் அங்கே, கடைக்கும் மருத்துவமனைக்கும் அநேகமாக ஒற்றை ஆளாகக் குழந்தையோடு போய் வருகிறவராக இருப்பார். அந்தப் பழக்கம் ஊருக்கு வந்ததும் உடனே மாறிவிடாது. தேவையா என்றால், அவருக்குத் தேவைதான்.

ஆனால் கோவில்களைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பதே சரி. உயர்ந்த நிலைப்படிகள், கல்தளம், கூட்டம், பிரகாரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு என்று எதுவும் சக்கரத்துக்கு ஒத்துவராது; உள்ளே அனுமதிப்பதும் அரிது. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள்களில் கல்யாணக் கூட்டம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மலைமேல் ஹயக்ரீவர் சன்னதிக்குப் படியேறித்தான் போக வேண்டும். காரிலேயே ஸ்ட்ரோலரை விட்டுவிட்டு, உள்ளே நீங்கள் பேரனைத் தூக்கிக்கொள்கிறீர்கள் என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள். தாத்தாவின் தோளில் ஏறிச் சன்னதியைப் பார்க்கிற வாய்ப்பு அந்தக் குழந்தைக்கு வருடத்தில் சில நாள்தானே கிடைக்கிறது. வெளியே, கோவில் வாசலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது அவர் தள்ளிக்கொண்டு வரட்டும்.

கேள்வி: தெரிந்த குடும்பத்தார் பயன்படுத்திய கேபின் ஸ்ட்ரோலர் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, வில்லியனூர், புதுச்சேரி

பதில்: தாராளமாக வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். இது ஓரிரு ஆண்டுகளே பயன்படும் பொருள் என்பதால், கை மாறி வருவதில் நல்ல நிலையில் உள்ளவை நிறையவே கிடைக்கின்றன. முதலில் மடங்கும் கீல்களைப் பாருங்கள். விரித்து வைத்து, இரண்டு பக்கமும் கையால் அழுத்தி ஆட்டினால் பூட்டு அசையக் கூடாது. கீலின் மேல் பிளாஸ்டிக் மூடி உடைந்திருந்தாலோ, கழன்றுபோயிருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2009-இல் அமெரிக்காவில், மடங்கும் கீலில் சிக்கி 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டான புகார்கள் வந்த பிறகு, ஏறத்தாழ பத்து லட்சம் ஸ்ட்ரோலர்களுக்குக் கீல் மூடிகளை அவற்றைத் தயாரித்த நிறுவனம் இலவசமாகக் கொடுக்க நேர்ந்தது. புதிதோ பழையதோ, விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை இரண்டடி தள்ளியே இருக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்து, பிரேக்கைப் போட்டுவிட்டுச் சரிவான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பெல்ட்டின் கிளிப்பை இருபது முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். ஒரு முறை நழுவினாலும் நம்ப முடியாது. நம் பக்கத்துக் கடற்காற்றில் ஆணிகளும் திருகுகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். சட்டம் அலுமினியமாக இருந்தாலும் அதைப் பிணைக்கிற ஆணி இரும்பாக இருக்கலாம். இருக்கைத் துணியை நீக்கிவிட்டு அந்த இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் செம்பழுப்பு ஒட்டினால் விட்டுவிடுங்கள். கையேடு இல்லை என்றால் பெயரையும் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு இணையத்தில் தேடி எடுத்து, எடை வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வெயிலில் போகும்போது ஸ்ட்ரோலரின் மேல் மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு போகிறேன். குழந்தைக்குக் குளிர்ச்சியாகத்தானே இருக்கும்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை, தயவுசெய்து இன்றே நிறுத்திவிடுங்கள். உலர்ந்த துணி, எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், உள்ளே காற்றோட்டத்தை அடைத்துவிடுகிறது. குழந்தையின் உடல் வெப்பமும் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி, வெளியில் இருப்பதைவிட உள்ளே சூடு கூடிவிடும். துணி மறைப்பதால் குழந்தையின் முகம் சிவந்திருப்பதும் உங்களுக்குத் தெரியாது. ஈரத்துணி வெப்பத்தைக் குறைக்கும் என்று சிட்னி பல்கலைக்கழகத்தார் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதை நன்றாகப் பிழிந்து, பக்கங்களைத் திறந்தே வைத்து, காய்வதற்குள் மறுபடி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்க் கடலோரத்துப் புழுக்கத்தில் ஈரம் எளிதில் ஆவியாகாது என்பதால் நான் அதையும் பெரிதாக நம்புவதில்லை. பின்பக்கம் வலையுள்ள, ஆழமாக இறங்கி மூடும் கூரை உள்ள ஸ்ட்ரோலர், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் வெளியே போவது, கையில் ஒரு குடை, இவையே போதும். கிளிப்பில் மாட்டும் சிறிய மின்விசிறி வைத்திருந்தால், விரல் நுழையாத நெருக்கமான வலை உள்ளதா என்று பாருங்கள். விமானப் பயணத்தில் அதன் பேட்டரியையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

கேள்வி: பெரியவனுக்கு மூன்றரை வயது, சின்னவளுக்கு ஒன்று. இரட்டை இருக்கை ஸ்ட்ரோலர் வாங்கினால் பயணத்துக்குச் சௌகரியமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இரட்டையருக்கு வேறு வழியில்லை, உங்களுக்கு அது வேண்டாம். அகலமானது பேருந்து நிலையத்திலும் கடை வாசலிலும் நுழையாது, மடக்கித் தூக்க ஒருவரால் ஆகாது. மூன்றரை வயதுப் பையன் நடக்கக் கூடியவன். களைத்துப்போகும் நேரத்தில் மட்டும்தான் அவனுக்கு இருக்கை வேண்டும். 22 கிலோ வரம்புள்ள ஒற்றை ஸ்ட்ரோலர் ஒன்றும், சின்னவளுக்குக் கேரியர் ஒன்றும் இருந்தால், அவன் களைத்தபோது அவன் உட்காரலாம், அவள் உங்கள் மார்பில் வரலாம். பெரியவன் பின்னால் நின்றுகொண்டு வர உதவும் பலகையை ஸ்ட்ரோலரில் மாட்டலாமா என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சிறிய ஸ்ட்ரோலர்களில் பலவற்றுக்கு அதற்கு அனுமதி இல்லை.

கேள்வி: வெள்ளிக் கடற்கரைக்கு அடிக்கடி ஸ்ட்ரோலரோடு போவோம். ஆறே மாதத்தில் சக்கரம் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: எண்ணெய்தான் கேடு செய்திருக்கிறது. எண்ணெய்ப் பசை மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, அச்சில் உப்புத்தாள் போலத் தேய்க்கும். சக்கரத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அச்சையும் துளையையும் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே ஒருமுறை அடியுங்கள். அது உலர்ந்துவிடும், மணல் ஒட்டாது. கடற்கரையில் மணல் தொடங்கும் இடத்திலேயே ஸ்ட்ரோலரை நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். சிறிய சக்கரம் மணலில் உருளாது, உழும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டம், கீல், சக்கரம் எல்லாவற்றையும் துடைத்து, இரவு முழுவதும் விரித்த நிலையிலேயே காற்றாட விட்டு, காலையில் மடக்கி வையுங்கள்.